நம்ம நாட்டுக் கம்பெனியா, வெளிநாட்டுக் கம்பெனியா: கரிசல் மண்ணில் ஹாக்கி மைதானம் போட்டதில் பட்டது

கரிசல் பூமியில் செயற்கைப் புல்தரை ஹாக்கி மைதானம் ஒன்றைப் போட்டு, முதல் ஐப்பசி மழையிலேயே அதன் மேற்குப் பக்கம் அலையலையாக எழும்பி நின்றதைப் பார்த்த ஒரு கமிட்டியின் சார்பில் இதை எழுதுகிறேன். ஒப்பந்தத் தொகை 4 கோடியே 10 லட்சம். பழுதான பகுதியைத் திரும்பப் போட 62 லட்சம் ஆனது. வேலை கெட்டால் எடுத்துக்கொள்ள ஒப்பந்தக்காரர் வங்கி மூலம் தந்திருந்த உத்தரவாதத்தை உடைத்து எடுத்தது 20.5 லட்சம். மீதி 41.5 லட்சமும் 14 மாதமும் போனது போனதுதான். அந்த 14 மாதத்துக்குள் இரண்டு வருஷத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மண் தரையிலேயே ஆடி முடித்து வெளியே போய்விட்டார்கள். பணத்தைவிட அதுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. தப்பு தொடங்கிய இடம் ஜல்லியிலும் தாரிலும் இல்லை. வேலையை யாரிடம் கொடுப்பது என்று பேச உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே தொடங்கிவிட்டது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

அன்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "அண்ணாச்சி, இது நம்ம நாட்டு விளையாட்டு, நம்ம ஆளுதான் போடணும்" என்று ஒரு பக்கம். "டோக்கியோவிலயும் பாரீஸ்லயும் ஜெர்மன்காரன்தான் விரிச்சான், அவன்கிட்டயே கொடுப்போம்" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. 1928 முதல் 1956 வரை இந்தியா தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கியது புல்தரையில். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றதும் புல்லில்தான். அடுத்த வருஷமே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை வந்தது, இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. "நம்ம விளையாட்டை வெள்ளைக்காரன் பிளாஸ்டிக்கை விரிச்சுப் பறிச்சுட்டான்" என்ற மனக்குறை ஹாக்கி ஊர்களில் இன்றைக்கும் ஆறவில்லை. அதே செயற்கைத் தரையில்தான் 1980இல் மாஸ்கோவில் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது என்பதும் உண்மை. டோக்கியோவிலும் பாரீஸிலும் விரித்தது ஜெர்மனியின் பாலிடன் நிறுவனத்து போலிகிராஸ் தரை என்பதும் சரி. ஆனால் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், எங்கள் மண் எப்படிப்பட்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கொடி எது என்பதிலேயே மூன்று கூட்டம் போனது.

நான்காவது கூட்டத்தில் "நம்ம நாட்டுக் கம்பெனி" ஜெயித்தது. விலையும் அடுத்தவரைவிட 36 லட்சம் குறைவு. அப்போது எங்களுக்குத் தெரியாத விஷயம், ஒரு ஹாக்கி மைதானத்தை எந்த நாட்டுப் பொருள் என்று சொல்லவே முடியாது என்பது. அதைப் பிரித்துப் பாருங்கள். அடியில் போகும் கிராவலும் ஜல்லியும் பக்கத்துக் குவாரியிலிருந்து வரும். தார் நம் சுத்திகரிப்பு ஆலையினுடையது. தாருக்கு மேல் மெத்தைபோலப் பரப்பும் ஷாக் பேடுக்கான ரப்பர் துகள் பழைய டயரை அரைத்தது, பெரும்பாலும் உள்நாட்டிலேயே கிடைக்கும். அந்தத் துகளைச் சேர்த்துப் பிடிக்கும் பாலியூரித்தேன் பைண்டர் இறக்குமதியாகவும் இருக்கலாம், இங்கே கலந்ததாகவும் இருக்கலாம். மேலே விரிக்கும் செயற்கைப் புல் கார்பெட்டுக்கு மட்டும் மூன்று பிறப்பிடம் உண்டு: நூல் இழுத்த இடம், அந்த நூலைத் துணியில் தைத்த இடம், முதுகுப் பக்கம் பூச்சுப் போட்ட இடம். இவை மூன்றும் மூன்று நாடாக இருக்க எந்தத் தடையும் இல்லை. ஆட்டத்துக்குத் தரையை நனைக்கத் தண்ணீர் பீய்ச்சும் ரெயின் கன் வேறொரு நாடு. கம்பெனியின் பெயர்ப்பலகையில் உள்ள நாடு, அந்தக் கம்பெனி பதிவான இடத்தைத்தான் சொல்லும். எங்கள் ஒப்பந்தக்காரர் நூற்றுக்கு நூறு இந்திய நிறுவனம். அவர் விரித்த கார்பெட் நூற்றுக்கு நூறு இறக்குமதி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தது.

இந்த இடத்தில் அரசு விதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அரசு டெண்டர் படிவத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினோம், படித்துப் புரிந்துகொள்ளாமல். பொதுக் கொள்முதலில் "மேக் இன் இந்தியா" முன்னுரிமை ஆணை 2017 ஜூனில் வந்தது, 2020இல் திருத்தப்பட்டது. மத்திய அரசுப் பணம் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ வரும் திட்டம் என்றால், மாநில அரசோ உள்ளாட்சியோ செய்யும் கொள்முதலுக்கும் அது பொருந்தும். உள்நாட்டு மதிப்பு, அதாவது விலையில் இந்தியாவிலேயே உருவான பங்கு, 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு உள்நாட்டு வழங்குநர், 20 சதவீதமும் அதற்கு மேலும் இருந்து 50க்குக் குறைந்தால் இரண்டாம் வகுப்பு. மிகக் குறைந்த விலை கேட்டவர் முதல் வகுப்பு இல்லாமல், முதல் வகுப்புக்காரர் கேட்ட விலை அதைவிட 20 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்து வேலையை எடுத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். 200 கோடிக்கு உட்பட்ட கொள்முதலுக்குப் பொதுவாக உலக டெண்டர் கிடையாது. 10 கோடிக்கு உட்பட்டதென்றால் உள்நாட்டு மதிப்பு எவ்வளவு என்பதற்கு வழங்குநரின் சுய அறிவிப்பே போதும், அதற்கு மேலே போனால் தணிக்கையாளர் சான்று வேண்டும். ஒரு ஹாக்கி மைதானம் 10 கோடிக்குள் முடிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் நீங்கள் பார்க்கப் போவது ஒப்பந்தக்காரர் தானே எழுதித் தந்த ஒற்றைத் தாளைத்தான்.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது? எங்கள் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 4.10 கோடியில் கார்பெட் 1.40 கோடி, மற்றதெல்லாம் மண், ஜல்லி, தார், பேட், குழாய், கூலி. கார்பெட் முழுக்க வெளியிலிருந்து வந்தாலும் மொத்தக் கணக்கில் உள்நாட்டு மதிப்பு 65 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. சட்டப்படி தப்பில்லை, ரோடு வேலை மாதிரி இதுவும் வேலை ஒப்பந்தம்தான். ஆனால் "65 சதவீதம் உள்நாட்டு" என்ற வரியைப் பார்த்துவிட்டு, காலுக்கடியில் இருக்கும் தரையே இந்தியத் தயாரிப்பு என்று நாங்கள் நம்பியது எங்கள் தப்பு. கார்பெட்டை மட்டும் தனியாக வாங்கும் கொள்முதல் என்றால் கதை வேறு. இறக்குமதிப் பொருளைக் கொடுப்பவர் போக்குவரத்து, இன்சூரன்ஸ், பொருத்தும் கூலி, பராமரிப்பு ஆகியவற்றை உள்நாட்டு மதிப்பாகக் காட்டக் கூடாது என்று 2021 மார்ச்சில் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே மொத்தத்துக்கு ஒரு சதவீதம் கேட்காதீர்கள். கார்பெட், பேட், தண்ணீர் அமைப்பு, அடித்தளம் என்று நான்கு வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் பெயர், தொழிற்சாலை இருக்கும் ஊர், உள்நாட்டு மதிப்பு மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் அந்தக் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு விதியும் உண்டு. 2020 ஜூலை 23இல், மத்திய அரசின் செலவுக்கான விதித் தொகுப்பான பொது நிதி விதிகளில், 144ஆம் விதியில் ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். இந்தியாவோடு நில எல்லையைப் பகிரும் நாட்டு நிறுவனம் அரசுக் கொள்முதலில் கலந்துகொள்ள வேண்டுமென்றால், அதற்கென்று உள்ள அதிகார அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். துணை ஒப்பந்தம் கொடுப்பதற்கும் அது பொருந்தும். மூலப்பொருளும் உதிரிப் பாகமும் வாங்குவது துணை ஒப்பந்தமாகாது, முடிவுற்ற பொருளாக வாங்கித் தந்தால் அதைத் தந்தவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு கார்பெட் சுருள் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்துப் பாருங்கள். நூலை வாங்கி இங்கே தைத்தால் ஒரு கணக்கு, சுருளாகவே இறக்கினால் வேறு கணக்கு. எங்களுடையது தனியார் நன்கொடைப் பணம் என்பதால் இந்த விதி கட்டாயமில்லை. ஆனாலும் படிவத்தில் அந்தப் பிரிவு இருந்தது, ஒப்பந்தக்காரர் "பொருந்தாது" என்று எழுதியிருந்தார், நாங்களும் ஏன் பொருந்தாது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டோம். அரசுப் பணம் வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கேட்காமல் விட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள்.

சுருள் லாரியில் வந்து இறங்கிய நாளில் நாங்கள் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். இறக்குமதி என்றால் சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி என்ற தாள் இருக்கும், அதில் பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று ஒரு கட்டம் இருக்கும். அதன் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுருளிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் புகைப்படம் எடுக்க வேண்டும்: மாடல் பெயர், சுருள் எண், தயாரிப்புத் தொகுதி எண், நீளம். தொகுதி மாறினால் பச்சையின் சாயலும் மாறும், வெயிலில் பட்டை பட்டையாகத் தெரியும். எங்கள் சுருள்கள் பாதியில் லேபிளே இல்லை, கிழித்த தடம் மட்டும் இருந்தது. அன்றைக்கே இறக்க விடாமல் நிறுத்தியிருக்க வேண்டும். "வந்துட்டுல்ல, விரிப்போம்" என்ற அவசரம், திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்ட அவசரம், எங்களைப் பேசவிடவில்லை. அதோடு டெண்டரில் கொடுத்த சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் சான்று எந்த மாடலுக்கானது என்று பார்க்க வேண்டும். கூட்டமைப்பு பொருளுக்கு ஒரு அங்கீகாரம் தருகிறது, போட்டு முடித்த மைதானத்தைச் சோதித்து வேறொரு சான்று தருகிறது, போடுகிற நிறுவனங்களையும் தனியாக அங்கீகரிக்கிறது. மூன்றும் மூன்று தாள். முதல் தாளைக் காட்டி மூன்றும் இருப்பதுபோலப் பேசுவார்கள். எங்களுக்குக் காட்டிய தாள் 13 மில்லிமீட்டர் இழை உயரமுள்ள ஒரு மாடலுக்கு. பிறகு வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிய துண்டில் 12கூடத் தேறவில்லை, தையலும் அந்த மாடலைவிட நெருக்கம் குறைவு. ஒரு சதுர மீட்டர் துண்டை விரிப்பதற்கு முன்னால் வெட்டி அனுப்பினால் சில ஆயிரத்தில் முடிகிற சோதனை அது. கார்பெட்டுக்கான பணத்தை அந்த முடிவு வந்த பிறகே விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இனி மண். எங்களை உண்மையில் கவிழ்த்தது இதுதான். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதில் கையை விடும் அளவு பிளவு விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் அத்தனை பேரும். ஆனாலும் வரைபடத்தைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. வரைபடம் ஐரோப்பிய மாதிரி. அங்கே தண்ணீர் கார்பெட் வழியாக, பேட் வழியாக, துளைவிட்ட தார் வழியாக, ஜல்லிக்குள் இறங்கி, அடியில் பதித்த குழாயில் வடியும். அந்த மண்ணுக்கு அது நல்ல அமைப்பு. கரிசலில் அதே அமைப்பைப் போட்டால், தினமும் தண்ணீர் பீய்ச்சும் மைதானத்தின் அடியில் இருக்கும் மண்ணுக்கு நீங்களே தண்ணீர் ஊட்டுகிறீர்கள். "நம்ம நாட்டுக் கம்பெனி" என்று தேர்ந்தெடுத்தவர் கையில் இருந்தது வெளிநாட்டு மண்ணுக்கு வரைந்த படம். இதை எங்கள் ஊரில் இருபது வருஷம் ரோடு போட்ட ஒரு சூப்பர்வைசரிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

சரியான வழி இது. முதலில் மைதானத்துக்குள் குறைந்தது ஐந்தாறு இடத்தில் இரண்டு மீட்டர் ஆழம் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். மண்ணின் உப்பும் தன்மையைக் காட்டும் ஃப்ரீ ஸ்வெல் சோதனை எந்தப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலும் செய்வார்கள். அது 50 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மண்மேல் நேராக எதையும் போடக் கூடாது. 60 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை கரிசலை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, உப்பாத சரளையோ செம்மண் கிராவலோ நிரப்ப வேண்டும். 20 சென்டிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாமல், அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் இறுக்கச் சோதனை எடுக்க வேண்டும். இதில் ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் ஆடுகளம். சுற்றிலும் விடும் ஓட்ட எல்லையோடு 101.4க்கு 63 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,388 சதுர மீட்டர். 75 சென்டிமீட்டர் நிரப்ப, இறுகிய கணக்கில் சுமார் 4,800 கன மீட்டர், லாரியில் தளர்வாக வரும்போது சுமார் 6,000. மூணு யூனிட் லாரி ஒன்று எட்டரை கன மீட்டர் என்றால் 700 லோடு. எங்கள் கேட்டில் இருந்த வாட்ச்மேன் நோட்டில் 280 லோடுதான் பதிவாகியிருந்தது. பிறகு வெட்டிப் பார்த்தபோது கிராவல் 30 சென்டிமீட்டர். 36 லட்சம் குறைத்துக் கேட்க முடிந்ததன் ரகசியம் அந்த நோட்டில் இருந்தது, நாங்கள் அதை வேலை நடந்த காலத்தில் ஒரு நாளும் புரட்டவில்லை.

கிராவல்மேல் ஜல்லிக் கலவை, அதன்மேல் தண்ணீர் சேர்த்துக் கலந்து இறுக்கும் வெட்மிக்ஸ் ஜல்லி, அதன்மேல் இரண்டு அடுக்குத் தார். கரிசல் நிலத்தில் தார் துளையில்லாத அடர்த்தியான கலவையாக இருக்கட்டும். தண்ணீர் கீழே இறங்காமல் தார்மேல் சரிந்து சுற்றிலும் உள்ள வடிகாலுக்குப் போக வேண்டும். அதற்குச் சரிவு வேண்டும். நடுவில் முகடு வைத்து இரு பக்கமும் 0.8 சதவீதம் சரித்தால், 31.5 மீட்டரில் விளிம்பு 25 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பந்து சரிந்த பக்கம் ஓடும். வடிகால் கான்கிரீட்டாகவும், மைதானத்தை விட்டு வெளியே தண்ணீரைக் கொண்டுபோய் விடுவதாகவும் இருக்க வேண்டும். கரிசல் உப்பலில் முதலில் அடிபடுவது விளிம்புதான். நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் ஏறத்தாழ ஒரே அளவாகவே நிற்கும், ஓரத்து மண்தான் நனைந்து காய்ந்து மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் மேற்கு ஓரத்தில் ரெயின் கன்னுக்குப் போகும் குழாயின் ஒரு இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அது மூன்று மாதம் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு மழை சேர்ந்துகொண்டது. குழாயைப் பதித்தவுடன், மூடுவதற்கு முன், முழு அழுத்தத்தில் ஒரு நாள் விட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தார் முடிந்ததும் மூன்று மீட்டர் மட்டப்பலகை ஒன்றை எடுத்து, குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். பலகைக்கும் தரைக்கும் இடையில் 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அங்கே சாக்பீஸில் வட்டம் போடுங்கள். பிறகு லாரித் தண்ணீர் விட்டு நனைத்து, அரை மணி நேரம் கழித்து எங்கே தேங்கி நிற்கிறது என்று மறுபடியும் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள் சரியாகும்வரை பேட் வேலை தொடங்கக் கூடாது. இங்கே ஒரு முக்கியமான கையெழுத்து இருக்கிறது. அடித்தளம் போட்டவரும் கார்பெட் விரிப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால், "இந்த அடித்தளத்தைச் சோதித்தேன், என் வேலைக்குத் தகுதியானது" என்று கார்பெட்காரர் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் எங்களிடம் இல்லை. பின்னாளில் ஒருவர் மண்ணைக் காட்டினார், ஒருவர் பசையைக் காட்டினார், நடுவில் நாங்கள் நின்றோம்.

ஷாக் பேட் என்பது ரப்பர் துகளையும் பைண்டரையும் கலந்து அங்கேயே பரப்பும் 12 முதல் 15 மில்லிமீட்டர் மெத்தை. கலவை விகிதம் ஒவ்வொரு தடவையும் எடை போட்டுச் செய்கிறார்களா, குத்துமதிப்பாக ஊற்றுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பைண்டர் குறைந்தால் ஆறு மாதத்தில் துகள் உதிரும், பிறகு மெத்தை பள்ளமாகும். மழை வரும்போல் இருக்கும் நாளில் இதைத் தொடவே கூடாது. கார்பெட் நான்கு மீட்டர் அகலச் சுருள் என்றால் குறுக்கே விரிக்க 26 சுருள், 25 இணைப்பு. ஒவ்வொன்றும் 63 மீட்டர், மொத்தம் 1,575 மீட்டர் இணைப்பு. மைதானத்தின் ஆயுள் இந்த 1,575 மீட்டரில்தான் இருக்கிறது. சுருளைப் பிரித்துப் போட்டு ஒரு நாளாவது படுக்க விட வேண்டும். இழை எல்லாச் சுருளிலும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் விரிந்திருக்கும் கார்பெட்டை அப்படியே ஒட்டினால் இரவில் சுருங்கும்போது இணைப்பு வாய் திறக்கும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அதிகாலை நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரைதான் ஒட்டும் வேலை. வெயிலில் கலந்த பசையும் டப்பாவிலேயே இறுகிவிடும், அதைத் தின்னர் ஊற்றி இளக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். இங்கேதான் ஆள் முக்கியம். கம்பெனி எந்த நாடு என்று கேட்பதற்குப் பதில், "இணைப்பு ஒட்டப் போகும் ஐந்து பேர் யார், அவர்கள் கடைசியாக ஒட்டிய மூன்று மைதானம் எங்கே" என்று கேட்டு, அந்த மூன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். போட்டு மூன்று வருஷம் ஆன மைதானமாகப் பார்ப்பது நல்லது. புதுசாகப் போட்டதெல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. முழுப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நனைக்க 6,388 லிட்டர், மூன்று மில்லிமீட்டருக்கு 19,000 லிட்டருக்கு மேல். காலை ஆட்டம், மாலை ஆட்டம் என்றால் நாளைக்கு 38,000. வானம் பார்த்த பூமியில் இது எங்கிருந்து வரும் என்று டெண்டருக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பாரீஸில் விரித்ததைப் போலக் குறைந்த தண்ணீரில் ஆடும் தரைகளும் வந்துவிட்டன, விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போர்த் தண்ணீர் உப்பு என்றால் உத்தரவாதத் தாளில் தண்ணீர்த் தரம் பற்றிய வரியைத் தேடிப் பாருங்கள், அந்த ஒரு வரியைக் காட்டியே முழு உத்தரவாதத்தையும் மறுப்பார்கள். ரெயின் கன் சமமாக நனைக்கிறதா என்று பார்க்க இருபது பழைய டின்களைக் கட்டம் கட்டமாக வைத்து ஓட்டி, எந்த டின்னில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்தால் போதும்.

எழும்பிய பிறகு உத்தரவாதத்தைக் கையில் எடுத்தோம். எட்டு வருஷம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே படித்தால் அது கார்பெட் நூலின் நிறத்துக்கும் தேய்மானத்துக்கும் மட்டும், அதுவும் வருஷத்துக்கு வருஷம் குறையும் விகிதத்தில். அடித்தள அசைவால் வரும் சேதம் விலக்கு. உத்தரவாதம் கொடுத்தவர் தயாரிப்பாளர், ஆனால் அது ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது, எங்களுக்கு அல்ல. தகராறு வந்தால் தயாரிப்பாளர் இருக்கும் நாட்டில் நடுவர் தீர்ப்பு, அதாவது கோர்ட்டுக்குப் பதில் ஒரு நடுவரை வைத்து வழக்கைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷன். தேசப்பற்றோடு தேர்ந்தெடுத்த ஒப்பந்தத்துக்கு நியாயம் கேட்கக் கடல் கடந்து போக வேண்டும் என்று தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்களைக் காப்பாற்றியது ஐந்து சதவீத வங்கி உத்தரவாதம் ஒன்றுதான், அதுவும் நம் ஊர் வங்கிக் கிளையில் உடைக்கக்கூடியதாக இருந்ததால். ஆகவே: உத்தரவாதம் மைதானத்தின் உரிமையாளர் பெயரில் நேராக இருக்க வேண்டும். அடித்தளத்துக்குக் குறைந்தது இரண்டு மழைக்காலம் பார்க்கும் தனி உத்தரவாதம் வேண்டும். நடுவர் தீர்ப்பு நடக்கும் இடம் உங்கள் மாவட்டமோ சென்னையோ என்று எழுத வேண்டும். வங்கி உத்தரவாதம் பத்து சதவீதமாக, இந்திய வங்கியில், உத்தரவாதக் காலம் முழுக்க உயிரோடு இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை பிரித்துக் கொடுத்தோம். மேற்குப் பக்கம் 2,100 சதுர மீட்டரை வெட்டி, கரிசலை எடுத்து, கிராவல் நிரப்பி, தார் போடும் வேலையைப் பக்கத்து ஊர் ரோடு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தோம். விளையாட்டு மைதானமே போடாதவர், ஆனால் இந்த மண்ணைத் தெரிந்தவர். அதற்கு 29 லட்சம். பேடுக்கு 15 லட்சம். மாற்றுச் சுருளுக்கும் இணைப்புகளுக்கும் 18 லட்சம், வெளிநாட்டுத் தயாரிப்பு, லேபிளும் சுங்கத் தாளும் ஆய்வக முடிவும் கையில் வந்த பிறகே பணம். விரிக்க வந்த மேஸ்திரி வட இந்தியாவில் பல மைதானங்கள் போட்டவர், அவர் ஒட்டிய இரண்டு மைதானத்தை முன்கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். விலையை ரூபாயிலேயே நிலையாக எழுதச் சொன்னோம். யூரோவில் எழுதியிருந்தால் டெண்டருக்கும் பட்டுவாடாவுக்கும் இடையில் நாணய மதிப்பு ஏறியதற்கு நாங்கள்தான் கட்டியிருப்போம்.

2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா தூக்கிய இரவும், 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்ததும் எத்தனையோ ஊர்க்காரர்களை மைதானம் போடத் தூண்டியிருக்கும். அந்த ஆசை நல்ல ஆசை. எங்கள் மைதானம் திரும்பப் போட்டபின் இரண்டு ஐப்பசியைத் தாண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை 25 இணைப்புகளையும் ஒருவர் குனிந்து நடந்து கையால் தடவிப் பார்க்கிறார். விரல் நுழையும் இடம் இருந்தால் அன்றே ஒட்டுகிறோம். குழாய்த் தொட்டியின் நீர் மட்டத்தை இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் குறித்துவைக்கிறோம். கசிவு இருந்தால் அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் தெரிந்துவிடும். வடக்கு மூலையில் மட்டும் மூன்று மீட்டர் பலகைக்கு அடியில் 5 மில்லிமீட்டர் காட்டுகிறது. போன வருஷம் 4. அங்கே ஒரு ஆணி அடித்து அடையாளம் வைத்திருக்கிறோம், அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும்.